ஜாடியில் பிரித்து வைத்த குஞ்சுகள்

கண்ணாடித் தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம், நான் வளர்த்துக் காட்டிய மீன்களைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளலாம். எனக்கு வாய் உண்டு, உங்களுக்கும் கேட்கிற பொறுமை இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு யாரும் வேலை கற்றதாக எனக்குத் தெரியவில்லை. அதனால் என் கையால் கெட்டுப்போக இருந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். தண்ணீர் மாற்றுவது, பாசி சுரண்டுவது, மார்கழிக் குளிருக்குத் தொட்டியைப் போர்த்துவது எல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். இது பழகி வருவதில்லை. எனக்கு அவமானப்பட்டுத்தான் வந்தது.

நான் மீன்காரனாக இந்தத் தொழிலுக்கு வந்தவன் இல்லை, கண்ணாடிக்காரனாக வந்தவன். பெரிய யுத்தம் தொடங்கியிருந்த சமயம். குடியிருப்பு ஜீவனஹள்ளியில் ஒற்றை அறை. வேலை, நீங்கள் இப்போது சிவாஜிநகர் என்கிற பிளாக்பள்ளியில், ஒரு கண்ணாடிக் கடையில். படத்துக்குச் சட்டம் போடுவோம், ஜன்னலுக்குக் கண்ணாடி பதிப்போம், கன்டோன்மென்ட் வீடுகளுக்கு மீன் தொட்டி செய்து கொடுப்போம். இரும்புச் சட்டம், அடியில் கடப்பைக் கல், நாலு பக்கமும் கண்ணாடி, இடுக்கை அடைக்க மக்கு என்கிற பசை. அதுதான் அன்றைய தொட்டி. அது ஒழுகும். ஒழுகாத தொட்டியை அந்தக் காலத்தில் நான் பார்த்ததில்லை. ஒழுகுகிறது என்று ஆள் அனுப்புவார்கள். போய், மக்கு வைத்து அடைத்துவிட்டு நிமிர்ந்தால், "இந்த மீன் ஏன்பா மூலையிலேயே நிக்குது?" என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சம். எதையாவது சொல்லி வைப்பேன். பத்துக்கு ஆறு பலித்துவிடும். இப்படித்தான் நான் மீன் வைத்தியனானேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கடை முதலாளி. எல்லோருக்கும் அவர் பாய். வீட்டில் உருது, கடையில் தமிழ், வாடிக்கைக்காரரிடம் கன்னடம், கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். மனிதர்கள் சொல்லும் வார்த்தைகளை முடிந்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பாயிடமிருந்து மட்டும் ஒரு மூட்டை சேர்த்திருக்கிறேன். "கண்ணாடி உடைஞ்சா சத்தம் கேக்கும். மீன் செத்தா சத்தமே வராது. நீதான் பாக்கணும், க்யா?" என்பார். இன்னொன்றும் சொல்வார், விரலை ஆட்டி ஆட்டி: "அரே, குஞ்சு வந்துச்சா, அப்பனையும் நம்பாதே, ஆயியையும் நம்பாதே. துன்னுட்டுப் போய்டும். ஒடனே பிரி!"

அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்போது எங்களிடம் இருந்தவை தங்க மீனும், கொசுப் புழு தின்னும் சின்ன மீன்களும். காலையில் தொட்டி நிறையக் குஞ்சு துள்ளும், சாயங்காலம் போனால் பெற்றது மட்டும் வயிறு புடைத்து நிற்கும். நானே எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அதனால் பாய் சொன்னது எனக்கு வேதமாகிப்போனது. அவர் சொன்னது எந்த மீனுக்கு என்று ஒருநாளும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

காக்ஸ்டவுனில் ஒரு ஓட்டு வீடு, கிறிஸ்தவக் குடும்பம். அந்த அம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஐம்பதை ஒட்டிய வயது, வெள்ளைச் சேலை, எப்போதும் கையில் ஒரு குடை. அவர் வீட்டுக்காரர் ஒரு ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். நான் அங்கே போக ஆரம்பிப்பதற்கு ஒரு வருஷம் முன்பு அவருக்கு வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. 'ஆ' என்று ஒன்று, 'ம்' என்று ஒன்று, அவ்வளவுதான் வரும். காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் புரியும்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர் பேசுவார், நான் கேப்பேன்" என்று டீச்சரம்மா ஒருநாள் சொன்னார். "இப்போ என்னைப் பேசச் சொன்னா எனக்கு என்ன பேசத் தெரியும்? பள்ளிக்கூடத்துல நடந்ததைச் சொல்றேன். பாவம், எத்தனை நாளைக்குத்தான் மூணாங்கிளாஸ் கணக்கையே கேப்பார்?"

ஐயா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டே இருந்தாராம். கஞ்சியை ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுபோனால் பல்லை இறுக்கிக்கொள்வாராம். கண்ணுக்கு ஏதாவது அசைவு இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டீச்சரம்மாவின் தம்பி ரயில்வேயில் இருந்தவர். நாகப்பட்டினம் பக்கத்து உப்பங்கழியிலிருந்து நாலு மீன்களை மண்பானையில் போட்டு, மடியில் வைத்தே ரயிலில் கொண்டுவந்து சேர்த்தார். வந்த வாரத்திலேயே இரண்டு போய்விட்டன. மிச்சம் ஒரு ஜோடி. உள்ளங்கையில் பாதி அளவு, காசு போல வட்டம், மஞ்சள் உடம்பு, விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. பொட்டுமீன் என்று டீச்சரம்மா பெயர் வைத்தார். தொட்டி செய்து கட்டிலுக்கு எதிரே வைத்தது நான். அந்த ஜாதி மீனை அதற்கு முன் நான் கண்ணால் பார்த்ததில்லை. அதை மட்டும் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை.

தை மாதம் முடியும்போது அந்த ஜோடி உடைந்த ஓட்டுத் துண்டின் மேல் முட்டை ஒட்டியது. அன்றைக்கு ஐயா சுவரை விட்டுத் திரும்பினார். மறுநாள் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி, நாற்காலியில் உட்கார வைக்கச் சொல்லிக் காட்டினார். டீச்சரம்மா விடுவாரா? "கஞ்சி குடிச்சாத்தான் நாற்காலி" என்று பள்ளிக்கூடத்துக் கண்டிப்போடு சொல்லிவிட்டார். ஐயா இடது கையாலேயே ஸ்பூனைப் பிடித்துக் குடித்தார்.

"மீன் முட்டை போட்டதுக்கு நான் கோயில்ல சாட்சி சொல்லணும் போல இருக்குப்பா" என்றார் என்னிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போதகர் ஐயா சிரிப்பாரேன்னு பாக்கறேன்."

முட்டை வெடித்துக் குஞ்சு வந்தது. பெற்றவை இரண்டும் குஞ்சுகளை வாயால் கவ்வி, மணலில் தோண்டிய குழியில் கொண்டுபோய் வைத்தனவாம். பிறகு அவை எழுந்து நீந்தவும் தொடங்கின. இதெல்லாம் நடந்தது நான் இல்லாத நாட்களில். நான் வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை காலையில், அரை மணி நேரம் போகிறவன். ஐயாவோ விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அந்தத் தொட்டி முன்னால் இருக்கிறவர். இந்தக் கணக்கு அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை உள்ளே நுழைந்ததும் தொட்டியைப் பார்த்தேன். நூற்றுக்கு மேல் இருக்கும், கடுகுக்குக் கண் வைத்ததுபோல் குஞ்சுகள். தாய் மீனைச் சுற்றி ஒரே மொய்ப்பு. சில அதன் விலாவில் போய் முட்டுகின்றன, விலகுகின்றன, மறுபடியும் முட்டுகின்றன. தாய் சிலிர்த்துக்கொள்கிறது. எறும்பு மொய்த்த வெல்லக்கட்டி போல இருந்தது அது. தாயை இவை கடித்துத் தொல்லை செய்கின்றன, கொஞ்ச நேரத்தில் அதற்குக் கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்தை விட்டு விலகிய ஒரு குஞ்சைத் தகப்பன் மீன் பாய்ந்து போய் வாயில் கவ்வியது.

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. துன்னுட்டுப் போய்டும், ஒடனே பிரி. பாயின் குரல் காதில் கேட்டது. சமையலறைக்கு ஓடி டீ வடிகட்டியை எடுத்துவந்தேன். மிட்டாய் போட்டு வைக்கிற பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று அலமாரியில் காலியாக இருந்தது. அதில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, குஞ்சுகளை வாரி வாரிப் போட்டேன்.

ஐயா பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். "ஆ" என்றார். நான் கவனிக்கவில்லை. "ஆ, ஆ" என்று சத்தம் பெரிதாயிற்று. அவர் இடது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல பிடி. ஒரு பக்கத்துப் பலமெல்லாம் அந்த ஒரு கையில் சேர்ந்திருந்தது.

"பயப்படாதீங்க ஐயா, நான் பாத்துக்கறேன். இதுங்க பெத்ததையே தின்னுடும். சுத்தமா வழிச்சுட்டுப் போய்டும். நான் இதைமாதிரி எவ்வளவு பாத்திருக்கேன்" என்று பேசிக்கொண்டே அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். அந்த ஐந்து விரல்களை நான் மறக்கவில்லை.

சத்தம் கேட்டு டீச்சரம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். "என்ன ஆச்சு? ஏன் இப்படி சத்தம் போடறார்?"

நான் விளக்கினேன். பேச்சில் நான் கெட்டிக்காரன் என்றுதான் முன்பே சொன்னேனே. தங்க மீன் கதை, சின்ன மீன் கதை, இன்னொரு பங்களாவில் ஒரு குஞ்சுகூட மிஞ்சாமல் போன கதை எல்லாம் சொல்லி முடித்தேன். டீச்சரம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஐயாவிடம் குனிந்து, "கண்ணாடிக்காரர் சொல்றார்ல. இதே வேலையா இருக்கறவர், அவருக்குத் தெரியாதா?" என்றார்.

ஐயா என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்ததாகக்கூடச் சொல்ல முடியாது. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஜாடியை ஜன்னல் விளிம்பில் வெயில் படுகிற மாதிரி வைத்துவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி இருக்கும், வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு சட்டத்துக்கு உப்புக்காகிதம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜீவனஹள்ளிச் சந்துக்குள் ஒரு குடை வருவது தெரிந்தது. கோயில் முடிந்து நேராக வந்திருக்கிறார். ஒரு கையில் வேதப்புத்தகப் பை, செருப்பெல்லாம் புழுதி. நான் எழுந்து நின்றேன்.

"நாலு பேரைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடிச்சேன்" என்றார். குடையை மடக்கவில்லை. "குஞ்செல்லாம் அடியில படுத்துடுச்சுப்பா."

"குளிருக்கா இருக்கும்மா. ராத்திரி பனி..."

"குளிரோ வெயிலோ, எனக்குத் தெரியாது. அவர் நேத்து மத்தியானத்திலேர்ந்து ஒரு வாய் கஞ்சி வாங்கல. நாற்காலி வேணாம்னுட்டார். மறுபடியும் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டார்." குரல் இறங்கியது. "ஒரு வருஷம்ப்பா. அவரை அந்தச் சுவத்துக்கிட்டேர்ந்து திருப்ப எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. குஞ்சு பொழைக்குதோ இல்லையோ, அவரைத் திருப்பிக் குடு. வா."

சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். வழியெல்லாம் நான் யோசித்தது குஞ்சுகளைப் பற்றி என்று நினைக்காதீர்கள். என்ன காரணம் சொல்லித் தப்பிக்கலாம் என்று யோசித்தேன். பனி, ஜன்னல், தண்ணீர், உப்பு. நாலு காரணம் தயாராகிவிட்டது. கைவசம் காரணம் இருக்கிறவனுக்குக் கண் சரியாகத் தெரியாது, பிள்ளைகளே. அன்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போனால் தொட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. தாய் மீன் ஜன்னல் பக்கத்துக் கண்ணாடியில் முட்டுகிறது, பின்வாங்குகிறது, மறுபடி முட்டுகிறது. மூக்கு வெளுத்துப் போயிருந்தது. தகப்பன் மணலெல்லாம் குழி குழியாகத் தோண்டி வைத்திருந்தது. ஒன்றைத் தோண்டி, உள்ளே பார்த்து, அடுத்ததைத் தோண்டும். ஜாடியில் பாதிக்கு மேல் செத்து வெள்ளைப் பொடியாகக் கிடந்தன. மீதி உயிரோடு அடியில் படுத்திருந்தன, வயிறு ஒட்டிப்போய்.

நான் பேச ஆரம்பித்தேன். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிக் கசக்கி விட்டால் சரியாகிவிடும் என்றேன். டீச்சரம்மா முட்டை அவித்துக் கொடுத்தார். கசக்கி விட்டேன். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். ஒரு குஞ்சும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். கலக்கினேன். ஜாடியைத் திருப்பி வைத்தேன். பனி என்றேன், ஜன்னல் என்றேன்.

"கொஞ்சம் வாயை மூடு. கையையும் நிறுத்து" என்றார் டீச்சரம்மா.

வகுப்பில் பின்பெஞ்சு வரைக்கும் போகிற குரல். நான் இரண்டையும் நிறுத்தினேன். அந்த அமைதியில் கட்டில் கிரீச்சிட்டது. திரும்பினால், ஐயா தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நேரம் ஒரு விஷயம் நமக்கு உறைக்க ஒரு நொடி போதும். இந்த மீன்களை முட்டையிலிருந்து, ஒரு பகல் விடாமல், பார்த்துக்கொண்டிருந்தவர் இந்த வீட்டில் ஒரே ஒருவர். நான் அரை மணி நேரத்து ஆள். அவர் நேற்று என் கையைப் பிடித்தது பயந்து அல்ல. எனக்கு ஏதோ சொல்லித்தரத்தான் பிடித்திருக்கிறார்.

கட்டிலருகே போய்த் தரையில் குந்தினேன். "ஐயா, நேத்து நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. நான் கேக்கல. தப்புத்தான். இப்போ சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போயிற்று என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. இருந்தேன். வெகுநேரம் கழித்து அவர் இடது கையை நீட்டினார். என்னிடம் அல்ல, டீச்சரம்மாவிடம். எழுந்து உட்காரத்தான் கேட்கிறார் என்று அந்த அம்மாள் தன் கையைக் கொடுத்தார். ஐயா அந்தக் கையைத் திருப்பித் தன் மார்பில் படுக்கப் போட்டார். தன் விரல் நுனிகளை ஒன்றாகக் குவித்து, அந்த முழங்கை மேல் கொத்தினார். இங்கே ஒரு கொத்து, நகர்ந்து அங்கே ஒரு கொத்து, மெதுவாக, வலிக்காமல்.

"என்னங்க இது, கோழி மாதிரி கொத்தறீங்க?" என்றார் டீச்சரம்மா. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐயா சிரிக்கவில்லை. விரல்களை வாய்க்குக் கொண்டுபோய், வெறும் வாயை மென்று காட்டினார். மறுபடியும் கையில் கொத்தினார். மறுபடியும் மென்றார்.

"பசிக்குதா? கஞ்சி கொண்டாரட்டுமா?"

"ம்!" என்று அதட்டினார் ஐயா. கையைத் தூக்கித் தொட்டியைக் காட்டினார். தாய் மீனைக் காட்டினார். பிறகு மனைவியின் கையில் மீண்டும் கொத்தி, வாயில் வைத்து, விழுங்கினார்.

"மேயுதும்மா" என்றேன். "தாய் உடம்புல இருக்கற வழுவழுப்பைக் குஞ்சுங்க மேயுதுங்க. கடிக்கல. அதான் சோறு. ஐயா, அதானே?"

"ஆ" என்றார் ஐயா. அதற்கு மேல் தெளிவாக யாரும் ஆமாம் சொல்ல முடியாது.

எங்கள் தொழிலில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. பாய்க்கே தெரியாது. இன்றைக்கு நீங்கள் புத்தகத்தில் படித்துவிட்டு, இந்த ஜாதியில் தாயும் தகப்பனும் குஞ்சுக்கு உடம்பையே கொடுக்கும் என்று சாதாரணமாகச் சொல்கிறீர்கள். நான் அதைப் பக்கவாதம் வந்த ஒரு மனிதரின் விரல் நுனியில் படித்தேன்.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் வேலை பாதிதான் ஆகியிருந்தது. ஒரு நாள் முழுக்கப் பிரிந்திருந்த குஞ்சுகளைப் பெற்றவை அடையாளம் கண்டுகொள்ளுமா? அல்லது புது இரை என்று விழுங்கிவிடுமா? எனக்குத் தெரியாது. ஜாடியிலேயே விட்டால் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தொட்டியில் விட்டு, ஐயா கண்ணெதிரே தகப்பன் மீன் அவற்றைத் தின்றுவிட்டால்? அந்தச் சுவரிலிருந்து அவரைப் பிறகு யார் திருப்புவது?

டீச்சரம்மாவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். "ஐயா அங்க படுத்தபடியே இருக்கட்டும்மா. நடுவுல ஒரு சேலையைத் தொங்க விட்டுடலாம். நான் குஞ்சை விடறேன். நல்லபடியா ஆச்சுன்னா சேலையை எடுத்துக் காட்டலாம். ஆகலன்னா வேற ஏதாவது சொல்லிக்கலாம்."

அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"வேணாம்ப்பா" என்றார். "ஏற்கெனவே எல்லாரும் அவர் காதுக்கு மறைச்சுத்தான் பேசறாங்க. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசறார். என் தம்பி வாசல்ல நின்னு பேசறான். இப்போ நீ. கண்ணுக்கும் மறைக்க ஆரம்பிச்சா அவருக்கு மிச்சம் என்ன இருக்கு? செத்தா சாகட்டும், அவரே பாக்கட்டும். அது அவரோட மீன்."

இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான். மீனுக்கு என்ன செய்வது என்பது எப்படியாவது தெரிந்துவிடும். அந்தத் தொட்டி யாருடையதோ அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வேலை செய்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் லேசில் போகாது. நீங்கள் போகிற வீடுகளிலும் தொட்டி முன்னால் யாராவது ஒருவர் பகலெல்லாம் இருப்பார். அநேகமாக வீட்டில் யாரும் எதுவும் கேட்காத ஆளாக இருப்பார். பையைக் கீழே வைத்ததும் அவரிடம் கேளுங்கள். பதில் வர நேரம் ஆகும். இருங்கள்.

நானும் டீச்சரம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்து ஐயாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். இந்த முறை அவராகவே இடது கையை ஊன்றி உதவினார். குஞ்சுகளை வாரி ஒரேயடியாகக் கொட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. ஜாடியைக் கழுத்து வரைக்கும் தொட்டித் தண்ணீரில் இறக்கிப் பிடித்துக்கொண்டேன். முதலில் ஒன்றையொன்று கண்ணாடி வழியாகப் பார்க்கட்டும் என்று.

தாய் வந்து ஜாடியில் முட்டியது. தகப்பன் வந்து பக்கவாட்டில் நின்றது. அதன் வயிற்றுப் பக்கத்தில் கறுப்பாக இரண்டு துடுப்புகள் உண்டு. அவற்றை விரித்து மூடியது, விரித்து மூடியது, விசிறியைப் படக் படக்கென்று பிரித்து மடக்குவது போல. ஜாடியின் அடியில் படுத்திருந்த பொடியில் ஒன்று எழுந்தது. பிறகு ஐந்தாறு. பிறகு உயிரோடு இருந்தவை எல்லாம் தள்ளாடித் தள்ளாடி எழுந்து, அந்தத் துடுப்பு அடிக்கிற பக்கமே போய்க் கண்ணாடியில் ஒட்டி நின்றன.

ஐயா மோவாயை அசைத்தார். சாய்.

சாய்த்தேன். குஞ்சுகள் கலங்கல் தண்ணீரோடு வெளியே சிந்தின. மறு நொடியே தகப்பன் மீன் பாய்ந்து, முன்னால் வந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டது.

"ஏசுவே" என்றார் டீச்சரம்மா.

என் வலது கை தானாகவே வடிகட்டிக்குப் போனது. ஐயாவின் கை என் மணிக்கட்டின் மேல் வந்து விழுந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை. தகப்பன் நிதானமாக நீந்தி, தாய் நிற்கும் குழியருகே போய், வாயைத் திறந்து அந்தக் குஞ்சைத் துப்பியது. அது ஒரு குட்டிக்கரணம் அடித்து நிமிர்ந்து, நேரே தாயின் விலாவுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. தகப்பன் திரும்பி அடுத்த குஞ்சைத் தேடி வந்தது. வழிதவறியதை வாயில் தூக்கிக் கொண்டுவந்து கூட்டத்தில் விடுகிற வேலை அது. முந்தின நாளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் தாயின் இரண்டு விலாவிலும் குஞ்சுகள். அது அசையாமல் நின்று கொடுத்தது. டீச்சரம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. ஐயா ஸ்பூனை வாங்கிக்கொண்டார்.

நான் வடிகட்டியையும் ஜாடியையும் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பத் தயாரானேன். ஐயா ஸ்பூனால் பக்கத்திலிருந்த பிரம்பு நாற்காலியைத் தட்டினார். எங்களைப் போன்ற வேலைக்காரர்கள் அந்த மாதிரி வீடுகளில் நாற்காலியில் உட்காருவது கிடையாது. குந்தி வேலை செய்வோம், முடிந்ததும் பின்கட்டு வழியாகப் போவோம். தயங்கினேன். மறுபடியும் தட்டினார், இந்த முறை பலமாக. உட்கார்ந்தேன்.

ஒரு வாய் கஞ்சி, பிறகு ஸ்பூன் தொட்டிப் பக்கம் நீளும். அந்தக் குழியைக் காட்டுவார். பின்தங்கி வருகிற ஒரு சோனிக் குஞ்சைக் காட்டுவார். தாய் களைத்ததும் தகப்பன் வந்து இடம் மாற்றிக்கொள்வதை, அது நடப்பதற்கு முன்னாலேயே ஸ்பூனால் காட்டினார். அடுத்த வாய், அடுத்த சேதி. ஸ்பூனிலிருந்து கஞ்சி வேட்டியில் சொட்டியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஒரு தொட்டியை முழுதாக ஒரு மணி நேரம் நான் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது டீச்சரம்மா கேட் வரைக்கும் வந்தார்.

"என்னப்பா, ஒரு மணி நேரமா உன் சத்தத்தையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன். "ஐயா பேசிக்கிட்டிருந்தார். நடுவுல பேசக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

டீச்சரம்மா கேட் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டைக்கூடச் சாத்தாமல் வேகமாக உள்ளே, ஐயாவிடம் போனார்.